தாமசம் வேண்டுமா?

எங்கள் ஊரில் ஹைப்ரிட் என்றால் தென்னங்கன்று. அதனால் துறைத்தலைவர் ஒருநாள் ஆசிரியர் அறைக்குள் வந்து, "ஏனுங்க, இந்த வருசம் நாம ஒரு ஹைப்ரிட்டு போடறோமுங்க" என்றபோது, கல்லூரிக்குப் பின்னால் கிடக்கும் தரிசில் ஏதோ நடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். கருத்தரங்கமாம். பாதிப் பேர் நேரில் வருவார்களாம், பாதிப் பேர் கணினித் திரையில் வருவார்களாம். பொருள், எல்லையோர வட்டாரத் தமிழ். நட்டிருந்தால் நாலு வருடத்தில் இளநீராவது கிடைத்திருக்கும்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், பெருமாட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சின்னத் தனியார் கல்லூரி அது. நான் அங்கே தமிழ்த்துறையில் கெஸ்ட் லெக்சரர். கெஸ்ட் என்றால் விருந்தாளி. மார்ச் முடிந்ததும் போய் வாருங்கள் என்பார்கள், ஜூனில் வாருங்கள் என்பார்கள். பதினொரு வருடம் அப்படிப் போய்ப் போய் வந்தேன். விருந்தாளியை வேலை வாங்கும் ஒரே இடம் கல்லூரிதான். அழைப்பிதழ் அடிப்பது, பேனர் கட்டுவது, பெரியவர்களை ரயிலடியிலிருந்து அழைத்து வருவது, திரையில் வருகிறவர்களை உள்ளே விடுவது எல்லாம் என் தலையில் விழுந்தன. துறைத்தலைவர் பொன்னாடையின் நிறத்தை மட்டும் தேர்ந்தெடுத்தார்.

அவரும் என் பக்கத்து ஊர்க்காரர்தான். வீட்டில் பேசுவது, வீட்டை ஊடு என்றும் அந்தப் பக்கம், இந்தப் பக்கத்தை அக்கட்டால, இக்கட்டால என்றும் சொல்கிற கொங்குத் தமிழ். மேடை ஏறினால் மட்டும் "பேரன்புமிக்க பெருமக்களே" என்று வேறு ஆளாகிவிடுவார். வட்டாரத் தமிழைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசப்போகிற மேடையில் வட்டாரத் தமிழ் ஒரு சொல்லும் வந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். திட்டும்போது மட்டும் சொந்தத் தமிழ் வரும். அப்போதும் 'ங்க'வை விடமாட்டார். "நீங்க ஒரு கூறு கெட்ட ஆளுங்க" என்று மரியாதையாகச் சொல்வார்.

பேனரில் 'கலப்பினப் பன்னாட்டுக் கருத்தரங்கம்' என்று அடிக்கச் சொன்னார். கலப்பினம் என்றால் மாட்டுக்கும் நாய்க்கும் சொல்வது சார், 'கலப்பு முறை' என்று போடலாம் என்றேன். "அதெல்லாம் யாரு பாக்கறாங்க?" என்றார். பன்னாட்டு என்பது அதைவிட அழகு. அவருடைய மைத்துனர் மஸ்கட்டில் இருக்கிறார். கருத்தரங்கு அன்று காலையில் அவர் ஐந்து நிமிடம் திரைக்குள் வந்து, சமையலறைக் குழாயைக் காட்டிவிட்டுப் போனார். அத்துடன் கருத்தரங்கம் பன்னாட்டு ஆகிவிட்டது.

கட்டுரை அனுப்பியவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழும் வேண்டாம், வட்டாரமும் வேண்டாம், சான்றிதழ் போதும். பத்து மணிக்குக் குத்துவிளக்கு ஏற்றுவதற்குள் திரையில் எழுதி அனுப்பத் தொடங்கிவிட்டார்கள்: "ஐயா, சான்றிதழுக்கான லிங்க் எப்போது வரும்?" முகத்தைக் காட்டாமல், வாயைத் திறக்காமல், எங்கேயோ காய்கறி நறுக்கிக்கொண்டே அறிஞராகிவிடும் வசதி இந்தக் காலத்தில்தான் வந்திருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் நிஜமாகவே கட்டுரை எழுதியிருந்தவர் ஒரு டீச்சர். நாற்பது வயதைத் தாண்டியவர். மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் பள்ளியில் வேலை, வட்டவடையில் அம்மாவோடு வாடகை வீட்டில் வாசம். வேலை பார்த்துக்கொண்டே பல வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகம் கொடுத்த கெடு அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அதற்குள் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்த சான்றிதழும், அந்தக் கட்டுரை புத்தகத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டது என்ற கடிதமும் காட்டினால்தான் ஆய்வேட்டை வாங்குவார்கள். இல்லையென்றால் அத்தனை வருட உழைப்பும் குப்பை. நேரில் வருவதென்றால் மூணாறுக்கு ஜீப், அங்கிருந்து உடுமலைக்குப் பஸ், பிறகு பொள்ளாச்சி, பிறகு எங்கள் ஊர். கேரளத்திலிருந்து கேரளத்துக்கு வரத் தமிழ்நாட்டைக் கடக்க வேண்டும். பள்ளியில் அத்தனை நாள் லீவு கிடையாது. ஹைப்ரிட் என்பதால்தான் அவருக்கு அந்த ஒரு வாசல் திறந்திருந்தது.

அவருடைய கட்டுரை ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. தாமசம்.

எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், தாமசம் என்றால் தாமதம். மலையாளத்தில் அதற்குத் தாமதம் என்றும் பொருள், குடியிருப்பது என்றும் பொருள். கேரளத் தமிழர்களான நாங்கள் பஞ்சாயத்திலும் ரேஷன் கடையிலும் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு, "எங்க தாமசம்?" என்றால் எங்கே குடியிருக்கிறீர்கள் என்று புரிந்துகொள்வோம். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். டீச்சர் கண்டது அதற்கு அடுத்த படி. எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கம்பெனி கொடுக்கும் வரிசை வீடுகளை லயம் என்பார்கள். லயத்தில் பிறந்து லயத்திலேயே கிழவியானவர்கள்கூட அதை வீடு என்று சொல்வதில்லை, தாமசம் என்கிறார்கள். வீடு என்ற சொல்லைத் திருநெல்வேலிப் பக்கம் எப்போதோ விட்டுவந்த ஒரு கூரைக்கு மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்ற அன்று லயத்தின் சாவியைக் கம்பெனி ஆபீசில் கொடுத்துவிட்டு வெளியே வந்த டீச்சரின் அம்மா, "தாமசம் முடிஞ்சுபோச்சு, வா" என்றாராம். அங்கே வாழ்ந்த வாழ்க்கை முழுவதுமே வீடு திரும்புவதில் ஏற்பட்ட ஒரு தாமதம்தான் என்று அந்தத் தமிழுக்குத் தெரிந்திருக்கிறது என்பது கட்டுரையின் முடிவு. அதன் சுருக்கத்தை எனக்கு அனுப்பியிருந்தார். படித்துவிட்டு, உடனே இன்னொரு முறை படித்தேன். இப்படி ஒன்று பதினொரு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது.

இத்தனையும் படித்தும், அந்தச் சுருக்கம் வந்த படிவத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. பதிவு செய்வதற்கான ஆன்லைன் படிவத்தை நான்தான் தயாரித்தேன். 'கட்டுரை அனுப்பக் கடைசி நாள்' என்ற வரிக்குக் கீழே, வெளியூர்க்காரர்களுக்கு லாட்ஜில் அறை தேவையா என்று கேட்க வேண்டும். பிறந்ததிலிருந்து பஞ்சாயத்துப் படிவங்களை நிரப்பிப் பழகிய கை, தானாக எழுதியது: 'தாமசம் வேண்டுமா? வேண்டும் / வேண்டாம்.'

தமிழ்நாட்டு அறிஞர்கள் அதைப் படித்து, கட்டுரை அனுப்பக் கூடுதல் நாள் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். வேலை செய்யாதவனுக்கு அவகாசம் வேண்டுமா என்று கேட்டால் என்ன சொல்வான்? வீட்டிலிருந்தபடியே திரையில் வரப்போகிறவர்கள் உட்பட வரிசையாக 'வேண்டும்' போட்டார்கள். நான் அந்தப் பட்டியலைப் பார்த்து, மதுரையில் சோபாவில் சாய்ந்திருக்கப் போகிறவர்களுக்கெல்லாம் எங்கள் பக்கத்துச் சித்தூரில் அறை போட்டேன். ஆன்லைன்காரர்களுக்கு எதற்கு அறை என்று யோசிக்கக்கூடத் தோன்றவில்லை. நம் ஊரில் ஓசியில் அறை கிடைக்கிறதென்றால் யார்தான் விடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். உரையை முன்கூட்டியே அனுப்பிவிட்ட ஒரே மனிதர், தொடக்கவுரை ஆற்ற வந்த பேராசிரியர். அவர் பெருமையாக 'வேண்டாம்' போட்டிருந்தார்.

கருத்தரங்கு அன்று காலை பாலக்காடு ஜங்ஷனில் அவரை வரவேற்றுக் காரில் ஏற்றினேன். "ரூமுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்துவிடலாம்" என்றார். பட்டியலைப் பார்த்தேன். "ஐயா, நீங்க வேண்டாம்னு போட்டிருக்கீங்களே" என்றேன். "என்ன வேண்டாம்?" என்றார். "தாமசமுங்க." மனிதருக்கு வந்த கோபத்தில் கண்ணாடியே நழுவியது. தாமதம் வேண்டாம் என்று சொன்னவனுக்குப் படுக்க இடம் இல்லையா, இது கல்லூரியா சந்தைக்கடையா, இப்படியே திரும்பிப் போய்விடுவேன் என்றார். போயிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். போட்ட அறைகளெல்லாம் வேறு பெயர்களில் இருந்ததால், நான்தான் கெஞ்சிக் கூத்தாடி என் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

குளித்தார். என் மனைவி ஊற்றிய தோசைகளைச் சாப்பிட்டார். சட்னியில் உறைப்பு கூட என்றார். கோபம் இறங்கவில்லை. அதை இறக்க வேண்டுமென்று, அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கம் என்ன பொருள் என்று விளக்கத் தொடங்கினேன். விளக்கியவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "அப்படியா? மேலே சொல்லுங்கள்" என்றார். பெரிய மனிதர் ஒருவர் நான் பேசுவதைக் கவனிக்கிறாரே என்ற பூரிப்பில் லயத்தைச் சொன்னேன், வீட்டைச் சொன்னேன், சாவியைச் சொன்னேன், அம்மா சொன்ன வார்த்தையையும் சொன்னேன். ஒரு டீச்சருடைய கட்டுரை என்றும் சொன்னேன். அதைச் சொல்லும்போது அவர் கை கழுவப் போயிருந்தார். திரும்பி வந்து, சட்டைப் பையிலிருந்து சின்ன டைரியை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் கெட்டது இன்னொருவர்.

தொடக்கவுரைக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தோம். முன்கூட்டி அனுப்பிய உரையை அவர் கையில்கூட எடுக்கவில்லை. "இன்று காலை ஒரு படிவத்தில் ஒரு சொல்லைக் கண்டேன்" என்று தொடங்கினார். மண்டபம் சிரித்தது. பிறகு எஸ்டேட்டுக்குப் போனார். "என் களப்பணியின்போது, தேயிலைத் தோட்டத்து மூதாட்டி ஒருவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு, கண்ணீர் மல்க, 'தாமசம் முடிந்துபோயிற்று ஐயா' என்றார்" என்றார். அந்த மனிதர் அந்த மலையை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டார். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! கைதட்டல் முடியவே இல்லை. துறைத்தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நான் மேடை ஓரத்தில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையின் மூலையில் டீச்சருடைய பெயர் இருந்தது. வெகுநேரமாக இருந்தது.

டீச்சர் பேச வேண்டியது பன்னிரண்டு மணிக்கு. பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசியதால் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. பிறகு பொன்னாடை. அதற்குப் பிறகு பொன்னாடை போட்டவர்களுக்குப் பொன்னாடை. இடையில் டீச்சர் எனக்குப் போன் செய்தார்.

"சார், வீட்டுக்குள்ள ரேஞ்சு கெடையாது. பூண்டுத் தோட்டத்துக்கு மேல மேட்டுல நிக்கேன். பேட்டரி கொறையுது. எப்பக் கூப்பிடுவீங்க?"

"இப்பக் கூப்பிட்டுருவாங்க டீச்சர். லைன்லயே இருங்க."

காலையில் கேட்டதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

மூன்று மணிக்குத்தான் துறைத்தலைவர் மைக்கைப் பிடித்தார். "அம்மையார் எடுத்துக்கொண்ட பொருளை ஐயா அவர்கள் காலையிலேயே விரிவாக எடுத்துரைத்துவிட்டபடியால், மூன்று மணித்துளிகளுக்குள் நிறைவு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்றார். பிறகு என் காதருகே குனிந்து, "மூணே நிமிசமுங்க. அப்பறம் கட் பண்ணீருங்க" என்றார்.

திரையில் டீச்சர் வந்தார். தலையில் மஃப்ளர், பின்னால் மேகம், காற்றின் இரைச்சல். பயமில்லாமல் வாசித்தார். மூன்று நிமிடம் ஆனதும் துறைத்தலைவர் என்னைப் பார்த்துக் கையால் கத்திரிக்கோல் காட்டினார். நான் நாலைந்து பொத்தான்களைத் தட்டுவதுபோல் தட்டினேன். "ஹேங் ஆயிருச்சுங்க சார்" என்றேன். அவருக்குக் கணினி பற்றித் தெரிந்ததெல்லாம் அதன் உறையைக் கழற்றுவது மட்டும். ஐந்து நிமிடம் ஆனது. எட்டு ஆனது. கத்திரிக்கோல் அரிவாளாக மாறியது. நான் தட்டிக்கொண்டே இருந்தேன். டீச்சர் கடைசி வரிவரை வாசித்து முடித்தார். பிறகு காகிதத்தை மடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"காலையில பேசுன ஐயாகிட்ட ஒண்ணு கேக்கணும். ஐயாவுக்கு எங்க தாமசம்?"

முன்வரிசையில் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்த பேராசிரியர் மைக்கை வாங்கிப் புன்னகையோடு சொன்னார்: "தாமசமா? எனக்குச் சொந்த வீடே இருக்கிறதம்மா."

மண்டபம் சிரித்தது.

"அதைத்தான் சார் இவ்வளவு நேரமும் சொல்லுதேன். நன்றி."

துறைத்தலைவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பேராசிரியருக்குப் புரிந்தது. மைக்கைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

சான்றிதழில் 'கட்டுரை வாசித்தார்' என்று நானே அச்சடித்து அனுப்பினேன். பாதிக் கிணறு தாண்டியாயிற்று. கடிதத்துக்குப் போய் நின்றபோதுதான் வினை வந்தது. கருத்தரங்கப் புத்தகத்துக்குப் பதிப்பாசிரியர் துறைத்தலைவர். பேராசிரியரின் உரை காணொளியாக வலையில் ஏறிவிட்டது, டீச்சரின் கட்டுரை அதன் நகல் என்று தெரிகிறது, ஆகவே 'இக்கருத்து ஐயா அவர்களின் உரையிலிருந்து பெறப்பட்டது' என்று அடிக்குறிப்புப் போட்டால் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார். அப்படி அடிக்குறிப்புப் போட்டால் ஆய்வேட்டின் உயிரே இன்னொருவருடையது ஆகிவிடும். போடாவிட்டால் கடிதம் கிடையாது. மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

டீச்சர் போன் செய்தார். "சார், ஐயாவுக்கு இது எப்படித் தெரிஞ்சுது?"

"பெரியவங்க டீச்சர். எங்கயாவது படிச்சிருப்பாங்க."

பொய் சொல்லும்போது என் குரல் துறைத்தலைவரின் குரலைப்போலவே இருந்தது.

"சாவி கொடுத்த கதை எங்கயும் அச்சாகல சார். உங்களுக்கு அனுப்புன சுருக்கத்துல மட்டுந்தான் இருக்கு. அன்னைக்கு எங்கம்மாவும் மேட்டுல எம்பக்கத்துல நின்னு கேட்டுச்சு. 'யாரு இந்த ஆளு? எப்ப வந்து எங்கையப் புடிச்சாரு?'ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்லட்டும் சார்?"

அந்தப் பக்கம் அவரே வைத்துவிட்டார்.

இரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. ஊரில் உள்ளவனையெல்லாம் பொடிப் பொடியாக்கிப் பேசும் வாய் எனக்கு. ஒரு பேராசிரியர் முகம் பார்த்துப் பேசியதும் அடுத்தவர் வீட்டுச் சொத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தவன் நான்தான். அவர் திருடர் என்றால் கதவைத் திறந்து, தோசையும் போட்டு அனுப்பியவன் நான். மார்ச் வேறு பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அந்த அம்மா கேட்ட கேள்வி என்னை விடவில்லை.

மூன்றாம் நாள் அந்த மானங்கெட்ட படிவத்தைத் திறந்தேன். யார் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, என்ன அனுப்பினார்கள் என்பது அதில் தானாகப் பதிவாகியிருக்கும். டீச்சரின் சுருக்கம் கருத்தரங்கத்துக்கு மூன்று வாரத்துக்கு முன்பே வந்திருந்தது. அதை அச்செடுத்தேன். கூடவே மூன்று வரிக் கடிதம்: இந்தக் கருத்து டீச்சருடையது. கருத்தரங்கு அன்று காலையில் என் வீட்டில் வைத்துப் பேராசிரியருக்கு இதைச் சொன்னவன் நான். அவர் சொன்ன மூதாட்டியை அவர் சந்தித்ததில்லை. கையெழுத்துப் போட்டு ஒரு பிரதியைத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன், ஒன்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினேன், ஒன்றை டீச்சருக்கு அனுப்பினேன்.

துறைத்தலைவர் அதை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏனுங்க, இது உங்களுக்குத் தேவைங்களா?"

"தேவைதானுங்க."

"மார்ச்சு வருதுங்க. பாத்துக்கங்க."

அப்போதும் 'ங்க'வை விடவில்லை. ஆனால் பல்கலைக்கழகத்துக்கே போய்விட்ட கடிதத்தின் முன்னால் அவருக்கு வேறு வழியில்லை. மறுநாள் டீச்சரின் கட்டுரை அடிக்குறிப்பு இல்லாமல் ஏற்கப்பட்டது. கெடு முடிவதற்கு முந்தின நாள் அவர் ஆய்வேட்டைக் கொடுத்தார். பேராசிரியரின் காணொளி இன்னும் வலையில்தான் கிடக்கிறது. அதற்குக் கீழே எத்தனையோ பேர் 'அருமை ஐயா' என்று எழுதியிருக்கிறார்கள்.

ஜூனில் கல்லூரி திறந்தது. பதினொரு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு அழைப்பு வரவில்லை. என் இடத்துக்குத் துறைத்தலைவரின் உறவுக்காரப் பெண் வந்திருப்பதாகச் சொன்னார்கள். நான் போய்க் கேட்கவில்லை. ஏன் இலையை எடுத்தாய் என்று எந்த விருந்தாளியும் சண்டைக்குப் போவதில்லை.

மழை பிடித்த ஒரு நாளில் டீச்சர் போன் செய்தார். வாய்மொழித் தேர்வு முடிந்துவிட்டதாம். பட்டம் உறுதியாம். எனக்கு நன்றி சொன்னார். நன்றி சொல்வதற்கு நான் செய்தது ஒன்றுமில்லை என்றேன். அது உண்மை. பிறகு, கல்லூரியில் யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருப்பார் போல, குரலைத் தாழ்த்தி மெதுவாகக் கேட்டார்.

"இப்ப எங்க சார் தாமசம்?"

"ஊட்லதானுங்க டீச்சர்" என்றேன்.